இத்வால் மாட்டிய பலகை

"கழட்டுய்யா அந்தப் பலகைய! எம் புருஷன் என்ன செத்தா போயிட்டாரு, பேர எழுதித் தொங்கவிட்டு வெச்சிருக்கீங்க?"

நெரிஸ் போட்ட கூச்சலில் எஞ்சின் கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது.

"மாட்டினவன் வந்து கழட்டட்டும். நான் தொடமாட்டேன்" என்றான் மெய்ரிக். கொட்டகைச் சாவி அவனிடம்தான் இருந்தது.

நீராவி எஞ்சினின் நெருப்புப் பெட்டிக்குள் நுழைந்து வேலை பார்ப்பவர், தன் பெயரெழுதிய சிவப்புப் பலகையை வெளியே மாட்டிவிட்டுத்தான் நுழைவார். அவர் கையாலேயே அதைக் கழற்றும்வரை வேறு யாரும் எஞ்சினைத் தொடக்கூடாது. தேவாலயப் பக்கமே தலைவைக்காத எங்கள் லான்வெரின் ஊர்க்காரன்கூட இந்த விதியை மட்டும் மீறமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை இத்வால் பேரெழுதிய பலகை தொங்கியது. அன்றிலிருந்து நெரிஸின் புருஷன் இத்வாலைக் காணோம். தூங்கும்போதும் கழற்றாத அவருடைய தொப்பி, கொட்டகை ஆணியிலேயே கிடந்தது.

எஞ்சினை எடுத்துப்போக வந்திருந்த லண்டன்காரர் குடையை மடக்காமலே கத்தினார். கேட்ரின் என்ற அந்த எஞ்சினை, செத்துப்போன ரயில் முதலாளியின் வாரிசுகளிடமிருந்து அவர் வாங்கிவிட்டார். தன் ஓட்டல் தோட்டத்தில் நிறுத்திப் பூச்செடி வைக்கப்போகிறாராம். இருப்பதே அந்த ஒரு எஞ்சின். அது போனால் எங்கள் மலை ரயிலுக்கும் அன்றோடு கருமாதிதான்.

"என்ன கூத்து இது? ஏத்துங்கப்பா லாரியில!"

லாரிக்காரர் பழைய ரயில்வே ஆள். பலகையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டார். "என்னால ஆகாது சார். பேரு தொங்குதுல்ல?"

"உள்ள எட்டிப் பாத்தா ஆள் இருக்கானா இல்லையான்னு தெரிஞ்சிடப்போகுது!" என்றார் லண்டன்காரர்.

மெய்ரிக் சட்டென்று குறுக்கே வந்து நின்றான். "பாக்கணும்னா கதவத் தொறக்கணும். தொறந்தா தொட்ட மாதிரிதான்."

நெரிஸ் ஓவென்று அழுதாள். மழையில் லாரி காலியாகத் திரும்பியது.

சத்தம் மலைமுகட்டைத் தாண்டியதுதான் தாமதம், நெரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எப்படி நம்ம நாடகம்?"

கொட்டகையே கைதட்டியது. யோசனை அவளுடையதுதான். இத்வால் கார்டிஃபில் அக்கா வீட்டில் பதுங்கியிருக்கிறார், லண்டன்காரர் சலித்துப்போகும்வரை வரமாட்டார் என்று ஊர் முழுக்க ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தாள். ஊர் முழுக்கச் சொன்னால்தானே அது ரகசியம்!

லண்டன்காரர் குளிர்காலம் முழுக்க வக்கீல் வைத்து மோதிப் பார்த்தார். கடைசியில் வேறெங்கோ ஒரு எஞ்சினை வாங்கிக்கொண்டு, கேட்ரினை எங்களுக்கே விட்டுவிட்டார். இத்வால் வந்து பலகையைக் கழற்றி நெருப்பு மூட்டவேண்டியதுதான் பாக்கி. "இன்னும் கொஞ்சம் ஆறப்போடுவோம், அந்தாளு மறுபடி வந்தாலும் வருவான்" என்றான் மெய்ரிக். யாரும் கைவைக்கவில்லை. விதி விதிதானே.

பனி கரைந்ததும் நெரிஸ் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பினாள். மெய்ரிக்கும் அதே வாரம் சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்பெயினுக்குப் போனான். அவளும் அதே ஸ்பெயின்தான், அதே தெருதான் என்று தபால்காரம்மா துப்பு கொண்டுவந்தாள். எஞ்சினைக் காப்பாற்றப் போய்ப் பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் எந்த முகத்தோடு ஊருக்குள் வருவார் என்று நாங்களும் இத்வாலுக்காக உச்சுக்கொட்டினோம்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் பேருந்திலிருந்து ஓர் அம்மாள் இறங்கினாள். மூக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கார்டிஃப் அக்கா எலூனெட். வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டையோடு பாசத்தை முடித்துக்கொள்ளும் குடும்பம். இவ்வளவு தூரம் வந்ததே அதிசயம். ரயில் நிலையத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தோம்.

"உங்க தம்பி தேறிட்டாரா? அவர் தைரியமா ஊருக்கு வரலாம்னு சொல்லுங்கம்மா. யாரும் எதுவும் கேக்கமாட்டோம்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்கா? அவன் வரவே இல்லையே!"