விருப்பப் பாடம்

ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். நான்கு முட்டைகளை வேகப்போட்டான். சட்டையின் காலருக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும் இஸ்திரி போட்டான். முதுகை நாற்காலி பார்த்துக்கொள்ளும்.

ஆறேகாலுக்கு மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். கையில் உயர்நிலைப் பள்ளியின் கையேடு. நாற்பத்திரண்டு பக்கம். உள்ளே செருகியிருந்த பாடத் தேர்வுப் படிவத்தை அப்பாவின் கையெழுத்தோடு எட்டு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு மாற்றம் கிடையாது என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"அப்பா, கிரெடிட்டுன்னா மார்க்கா?"

அவனுக்குத் தெரியாது. அவன் படித்த காலத்தில் உட்காரச் சொன்ன வகுப்பில் உட்கார்ந்தார்கள். பட்டம் கைக்கு வரும்வரை, உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் அவனைக் கேட்டதில்லை.

ஆனால் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுவது அவன் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு, எது வந்து சேர்ந்தால் எது கிளம்பலாம். பத்து வருஷமாக இதேதான்.

காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தான். கையேட்டைப் புரட்டிக்கொண்டே அதன் பின்பக்கம் கோடு போட்டான்.

கிரெடிட் மார்க் இல்லை. ஒரு பாடத்தை வருஷம் முழுக்கப் படித்துத் தேறினால் ஒன்று. நான்கு வருஷத்தில் இருபத்திநான்கு சேர்ந்தால்தான் பள்ளி வெளியே விடும்.

"ட்ரிப் மாதிரிம்மா. வண்டி போய்ச் சேர்ந்துச்சா, ஒரு ட்ரிப். அவ்வளவுதான்."

"எப்படி ஓட்டினாங்கன்னு பாக்க மாட்டாங்களா?"

"அதுக்குத்தான் சராசரி. இருபதாம் பக்கம்."

"முன்தேவைப் பாடம்?"

"இணைப்பு வண்டி. அதை விட்டா அடுத்ததுல ஏற முடியாது."

கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்தில் இந்த மேஜையில் இவ்வளவு பேச்சு நடந்ததில்லை.

அவள் விடுவதாக இல்லை. விருப்பப் பாடம் என்று பெயர் வைத்துவிட்டு, அதில் ஒன்றைக் கட்டாயம் எடு என்றால் என்ன அர்த்தம்? காய்ச்சலில் படுத்த நாள் வருகைப் பதிவில் சேருமா சேராதா? அடிக்குறிப்புக்கு ஒரு அடிக்குறிப்பு இருந்தது. அதையும் கிளறினாள்.

"இதை எழுதினவரை உங்க டிப்போவுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா. ஒரு பஸ்ஸும் ஷெட்டை விட்டு வெளியே வராது."

சிரித்துவிட்டான். அவன் சிரித்ததை அவள் கவனித்தாள்.

படிவத்தைத் திருப்பினான். 'உயிரியல், ஆய்வகத்துடன்' என்ற கட்டத்தில் பேனாவால் டிக் போட்டிருந்தாள். அதற்குக் கீழே நிலவியல். அந்தக் கட்டத்தில் பென்சில் டிக் ஒன்றை ரப்பரால் அழித்த தடம். தாள் நைந்து போயிருந்தது. ஒரு தடவை அழித்ததல்ல.

ஜன்னல் ஓரத்தில் முட்டை அட்டை. ஒவ்வொரு குழியிலும் அவள் பொறுக்கிவந்த ஒரு கல், ஒட்டிய சீட்டில் நம்பர்.

அட்டவணையைப் பார்த்தான். ஆய்வகம் இருப்பதால் உயிரியலுக்கு அடுத்தடுத்து இரண்டு பீரியட். அதில் இரண்டாவது பீரியட்டில்தான் நிலவியல். இந்த வருஷம் உயிரியலை விட்டால் மருத்துவப் படிப்புப் பக்கம் போக முடியாது. நிலவியலை விட்டால் மேல்வகுப்பில் அதைத் தொட முடியாது. இரண்டுமே இணைப்பு வண்டி.

"ரெண்டும் மோதுதுப்பா. நானும் பார்த்துட்டேன்," என்றாள். "பரவாயில்ல. அம்மா கடைசியா சொன்னது இதுதானே. கையெழுத்துப் போடுங்க."

பேனா அவன் கையில் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில், அவன் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஏன் போனான் என்று யாரும் கேட்கவில்லை. அறைக்கு வெளியே மகள்தான், அழுவதற்கும் முன்னால், வேறொன்றைக் கேட்டாள். அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?

சொந்தமெல்லாம் அவன் வாயையே பார்த்தது. அந்த மாதிரி இடத்தில் சொல்லத் தகுந்ததாக ஒன்று நாக்கில் வந்தது. நீ டாக்டராகணும்னு சொன்னா.

அத்தை வாய்விட்டு அழுதாள். மகளின் தலையில் சித்தப்பா கை வைத்தார். ஒரு வாரத்தில் அந்தச் சொல் எல்லா வீட்டுக்கும் போய்வந்துவிட்டது. திரும்பி வந்தபோது அவனுக்கே பாதி நிஜமாகத் தெரிந்தது.

ஏழு பத்து.

பேனாவை மூடி மேஜையில் வைத்தான்.

"பாப்பா. அம்மா அப்படிச் சொல்லல. நானாச் சொன்னது."

கத்துவாள் என்று காத்திருந்தான். எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தான். அவள் கண்ணில் நீர் நின்றது, ஆனால் புருவம் மேலே ஏறியது. அடிக்குறிப்பைப் பார்த்தபோது ஏறியதுபோல.

"அப்ப நிஜமா என்னதான் சொன்னாங்க?"

படிவத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னான். கட்டிலுக்குப் பக்கத்தில் இதயத் துடிப்பைக் காட்டும் சின்னத் திரை இருந்தது. மனைவிக்கு மூச்சு வாங்கியது. அவன் குனிந்து, வலிக்குதா என்று கேட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தப் பச்சைக் கோடு ஏன் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வருது? நர்ஸ்கிட்ட கேட்டுட்டு வாங்களேன்."