‘இறக்கம்’ ஆல்பத்தின் முதல் பாட்டு

“சரி, மாத்திடு” என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடி டைப் செய்து அனுப்பினாள் கலைமணி. அது போகவில்லை.

மெசேஜுக்குப் பக்கத்தில் குட்டிக் கடிகாரம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. சித்தேரி மலையில் பஸ் ஏறுகிற இடத்தை விட்டால் அடிவாரம் வரைக்கும் சிக்னல் கிடையாது. அங்கே போனதும் மெசேஜ் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்காகத்தான் தர்மபுரியில் குரு கம்ப்யூட்டர் முன்னால் காத்துக்கொண்டிருக்கிறான்.

குரு கிடார். உபைத் டிரம்ஸ். எழுதுவதும் பாடுவதும் கலைமணி. மூன்று பேரும் சேர்ந்தால் ‘கரண்டு வந்தாச்சு’ என்கிற ராக் பேண்ட்.

முதல் ஆல்பம் வந்தபோது சென்னையில் ஓர் இணைய இதழ் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ‘மலையிலிருந்து உருண்டு வந்த இடி’ என்று எழுதினார்கள். உபைத் அதை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான்.

இரண்டாவது ஆல்பத்துக்குப் பெயர் ‘இறக்கம்’. அதே இதழ், அதே விமர்சகர். விமர்சனம் நேற்று வந்தது.

‘பெயருக்கேற்றபடி இறங்கித்தான் போயிருக்கிறார்கள்’ என்று ஆரம்பித்திருந்தார். இந்த ஒரு வரியை எழுதுவதற்காகவே ஆல்பத்தைக் கேட்டிருப்பார் போல. முதல் பாட்டைப் பிடித்து உலுக்கியிருந்தார். நடுவில் இரண்டு இடத்தில் குரல், கிடார், டிரம்ஸ் எல்லாம் மொத்தமாக நின்றுபோய் மறுபடி கிளம்புகிறதாம். பாடகி வரியை மறந்துவிட்டாரா, இல்லை வந்த கரண்டு போய்விட்டதா என்று கேட்டிருந்தார்.

அந்த இரண்டு ஓட்டையும் கலைமணி போட்டவை.

உபைத் வீட்டு ஜவுளிக் குடோனில், துணி மூட்டைகளுக்கு நடுவே ரெக்கார்டிங். எத்தனை தடவை பாடினாலும் அந்த இரண்டு இடத்தில் நின்றுவிடுவாள். ஏன் என்று குரு கேட்டான். “தெரியல, அங்க நின்னாத்தான் வருது” என்றாள். அவளை நம்பி மற்ற இருவரும் கூடவே நின்றார்கள். இப்போது அவர்களும் சேர்ந்து அடி வாங்குகிறார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

குரு திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு ஓட்டையையும் கிடாரால் அடைத்து அனுப்பியிருந்தான். “நீ சரின்னு சொன்னா பழச எடுத்துட்டு இத ஏத்திடறேன்” என்று கூடவே ஒரு வரி.

பஸ் ஏறும்போது கேட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவள் பாட்டு மாதிரி மட்டும் இல்லை.

இனிமேல் வரி எழுதிக் கொடுப்பதோடு நின்றுகொள்ளலாம், பாடுவதற்கு அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த முடிவுக்கும் வந்துவிட்டாள்.

முனியப்பன் கோயிலில் பஸ் நின்றது. மலை இறங்குகிற எந்த வண்டியும் அங்கே கும்பிடாமல் போகாது. டிரைவர் மாரப்பன் கற்பூரம் காட்டிவிட்டு வந்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் பாட்டு. அதற்கு முன்னால் யார் கெஞ்சினாலும் அவர் கை அந்தப் பக்கம் போகாது.

இன்றைக்கென்று பார்த்து அவர் சொருகிய பென்டிரைவ், போன வாரம் கலைமணியே ‘இறக்கம்’ ஆல்பத்தை ஏற்றி ஆசை ஆசையாகக் கொடுத்தது.

ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. பஸ் நகர்ந்தது, பாட்டும் கிளம்பியது. அவளுடைய குரல் பஸ் முழுக்க நிறைந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. பக்கத்து வரிசையில் சாமை மூட்டையைக் காலடியில் வைத்திருந்த சின்னம்மாள் தன் போக்கில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

முதல் ஓட்டை நெருங்கியது. கலைமணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

குரல் நின்றது. கிடார் நின்றது. டிரம்ஸ் நின்றது.

பாம்ம்… பாம்.

முதல் கொண்டை ஊசி வளைவு. எதிரே வண்டி வந்தாலும் வராவிட்டாலும் மாரப்பன் ஹாரன் அடித்துத்தான் திரும்புவார். திரும்பி முடித்தார். பாட்டு விட்ட இடத்திலிருந்து கிளம்பியது.

கலைமணி கண்ணைத் திறந்தாள்.

கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் இதே பஸ், டிரைவருக்குப் பின்னால் இதே சீட்டு. அப்போது வண்டியில் பாட்டுப் பெட்டி கிடையாது. கோயில் தாண்டியதும் அவள் முணுமுணுக்க ஆரம்பிப்பாள். இந்தப் பாட்டே அப்படி வந்ததுதான். ஹாரன் அலறும்போது அவள் குரல் அவளுக்கே கேட்காது. நிறுத்துவாள். அது அடங்கியதும் தொடருவாள்.

குடோனில் ஹாரன் இல்லை. இருந்தாலும் நின்றிருக்கிறாள்.

ஒருவேளை இது தற்செயலாக இருக்கலாம். அடுத்த வளைவு தூரத்தில் தெரிந்தது. இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. வளைவு பக்கத்தில் வந்தது, பாட்டு நின்றது.

பாம்ம்… பாம்.

சின்னம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள்.

“ஏம்பா மாரப்பா, இந்தப் பாட்ட நம்ம பஸ்ஸுலயே உக்காந்து எடுத்தாங்களா?”

கலைமணிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. அவசர அவசரமாக போனை எடுத்தாள். குட்டிக் கடிகாரம் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. நல்ல வேளை. மெசேஜை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

“எதையும் தொடாத குரு. ஞாயித்துக்கெழம நீயும் உபைதும் மேல வாங்க, இந்த பஸ்ஸுல எறங்கலாம். அந்த விமர்சகரையும் கூப்புடு. அவருக்கு டிக்கெட் நான் எடுக்கறேன்.”

அதற்குப் பக்கத்திலும் ஒரு குட்டிக் கடிகாரம் வந்து உட்கார்ந்தது. அடிவாரம் எப்போது வரும் என்று கலைமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை.