ஹெட்கிளார்க்

எந்த ஃபைலையும் நகர்த்தாத ஹெட்கிளார்க்காக ஒரு நகைச்சுவைத் தொடரில் நடித்தவர் தாணுமூர்த்தி. தொடர் முடிந்து பதினெட்டு வருடங்களாகச் சொல்லிக்கொள்ளும்படி வேறு வேடம் அமையவில்லை. மனைவி இறந்தபின், வீட்டு வரியில் பெயரை மாற்ற நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

குரலைக் கேட்டதுமே கவுன்ட்டரில் இருந்த பெண் எழுந்துவிட்டாள்.

"சார், அந்த ஹெட்கிளார்க் நீங்கதானே! மத்தியானம் ஃபோன்ல உங்களப் போட்டுப் பாத்தாத்தான் எங்களுக்குச் சோறே எறங்கும்."

"அப்ப என் ஃபைலும் நகராதாம்மா?" என்றார், உண்மையிலேயே பயந்துபோய்.

அலுவலகமே சிரித்தது. பத்து நிமிடத்தில் கையெழுத்தாகிவிட்டது.

கிளம்பும்போது அந்தப் பெண் கெஞ்சினாள்: "சீரியல்ல எல்லாரையும் திட்டுவீங்களே, அதே மாதிரி ஒரே ஒரு தடவ எங்களத் திட்டிட்டுப் போங்க சார்."

தாணுமூர்த்தி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். வரிசையில் நின்றவர்களும் திட்டு வாங்க நெருங்கி வந்தார்கள்.