வேற ஆளைக் கொடுங்க

“நேத்து நடுத்தெருவுல என் சட்டையில கை வச்சுட்டான்மா அந்தாளு” என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் சூப்பிரண்டு.

சேவை மையத்தில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த பெண் பதறிப்போனாள். “அடிச்சுட்டாரா சார்?”

“பட்டன் போட்டு விட்டான்! மேல் பட்டனைக் கீழ் ஓட்டையில மாட்டியிருந்தேனாம். நாலு பேர் பாக்க, சின்னப் புள்ளைக்குப் போடற மாதிரி கழட்டி மாட்டறான். என் சட்டை, என் பட்டன். இவனுக்கென்ன வந்துச்சு?”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள்.

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் சூப்பிரண்டுதான். அவருக்கு அவரே சூப்பிரண்டுதான். அவர் இருமினால் நாற்பது பேர் பேச்சை நிறுத்திய அலுவலகம் அவருடையது.

சும்மா இருக்கப் பிடிக்காமல் வேலை தேடிப் பார்த்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார்கள். “தெரிஞ்சவனை வேலை வாங்கத் தெரியும்” என்றார். அத்தோடு சரி. ஒரு மருத்துவமனையில் விசாரணை மேஜையில் உட்காரவைத்தார்கள். வரிசையில் நேராக நிற்காத நோயாளியை வெளியே போகச் சொன்னதால், மூன்றாம் நாளே கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் வெளியூரில் இருக்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மையத்தின் படிவத்தோடு வந்தாள். “தனியா இருக்கற பெரியவங்களுக்கு ஒரு துணைப்பா. வாரத்துல ரெண்டு நாள் ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தா போதும். எல்லாம் நானே எழுதிட்டேன்” என்று பென்சிலால் புள்ளி வைத்த இடத்தைக் காட்டினாள்.

புள்ளி வைத்த இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவருக்கு முப்பத்தாறு வருடப் பழக்கம். போட்டார். தன்னை விட்டால் இந்தச் சமூகத்துக்கு யார் இருக்கிறார்கள்?

வந்து வாய்த்ததோ ஒரு கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ரிட்டயரானவர். செவ்வாயும் வெள்ளியும் நாலு மணி அடித்தால் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். விரலை எச்சில் தொட்டுப் பேப்பரைப் புரட்டுவார். எந்தப் பேச்சை முடித்தாலும் “ரைட்!” என்பார்.

“என் வீட்டுக்கே வந்து என்னையே ‘மாத்திரை போட்டீங்களா அண்ணே’ன்னு கேக்கறான்மா. அவன் வீட்டுல அப்படிக் கேக்க ஆளிருந்தா இங்க வந்து ஏன் கேக்கப் போறான்?” என்று மூக்கைச் சுளித்தார் சூப்பிரண்டு. “சரி, காலாற நடக்கலாம்னு வெளியே போனா, என்னை ரோட்டுப் பக்கமே விடறதில்ல. குறுக்க குறுக்க வந்து இடிக்கறான். பஸ்ஸுல கூட்டத்துக்குள்ள பூந்து போன புத்தி!”

“நடக்கறது நல்லதுதானே சார். இப்ப ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன, படுத்தா விடிஞ்சுதான் முழிப்பு.”

“பசி?”

“நல்லா எடுக்குது. ரெண்டு கிலோ கூடியிருக்கேன்.”

அவள் எழுதிக்கொண்டாள். தூக்கம், பசிவரை விசாரிக்கிறார்கள் என்றால் மையத்துக்குத் தன் அருமை தெரிந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. கொஞ்சம் குளிர்ந்தார். ஆனால் அடுத்த நிமிடமே மறுபடி சூடேறிவிட்டது.

“அதெல்லாம்கூடப் போகட்டும். எங்க ஆபீஸ்ல தணிக்கைக்கு வந்தவனை நான் எப்படித் தலை குனிய வச்சேன்னு சொல்லிட்டிருக்கேன். பாதியில கையைத் தூக்கி, ‘இதைப் போன வாரமே சொன்னீங்க அண்ணே, பரவால்ல, சொல்லுங்க, கேக்கறேன்’ங்கறான். எனக்குப் பாவம் பாக்கறானாம்! ஒரு கண்டக்டர்! எனக்கு!”

கடைசிச் சொல்லில் குரல் லேசாகத் தடுமாறியது. அதை இருமி மறைத்தார். இங்கே அவர் இருமலுக்கு யாரும் பேச்சை நிறுத்தவில்லை. பக்கத்து மேஜையில் இருவர் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“மனுஷர் நல்லவர் சார். இதுவரைக்கும் அவர் மேல ஒரு புகாரும் வந்ததில்ல.”

“எப்படி வரும்? என்னை மாதிரி வாயைத் திறந்து சொல்ல ஆள் வேணாமா? மூணு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாச்சு. போதும். எனக்கு வேற ஆளைக் கொடுங்க. படிச்சவரா, பதவியில இருந்தவரா, நாலு விஷயம் தெரிஞ்சவரா கொடுங்க.”

அந்தப் பெண் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். “ஒரு காலேஜ் பிரின்சிபால் இருக்கார் சார். போன மாசம் ரிட்டயரானவர். நேத்துதான் பேர் கொடுத்துட்டுப் போனார்.”

சூப்பிரண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரின்சிபால்! சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். எத்தனை ஆயிரம் பேரை எழுந்து நிற்கவைத்த மனிதர், கடைசியில் இப்படி இங்கே வந்து பேர் கொடுக்கும்படி ஆகிவிட்டதே என்று நினைக்க, நெஞ்சுக்குள் இதமாகக்கூட இருந்தது.

“பாவம்” என்று உச்சுக்கொட்டினார். “அவ்வளவு பெரிய படிப்பு படிச்சு என்ன பிரயோஜனம்? பேச்சுத் துணைக்குக்கூட நாதியில்லாமப் போயிடுச்சு பாரும்மா.”

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

“அவர் வாலண்டியர் சார். துணையில்லாதவர் நீங்கதானே?”