லென்ஸ் துடைக்கிற சீடி

“அந்தப் பிரஷ் வச்ச சீடிய ஒருக்கா ஓடவிடுங்க தம்பி, போதும். லென்ஸ் துப்பரவாகிடும் எண்டு எல்லாரும் சொல்றாங்க.”

“சொல்வாங்க ராத்தா. சொல்றவங்கதான் பிறகு பழுதாக்கிட்டு என்னட்ட வாறாங்க,” என்றான் மசூர்.

கல்முனை பஸாரில் ரேடியோ, சீடி பிளேயர் திருத்தும் கடை அவனுடையது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஹாஜறாவுக்கு அவனோடு வாதாடத் தெம்பில்லை. பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். சோதனைச் சாவடியில் அதைத் தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, பிறகுதான் விட்டார்கள். கணவர் ஆதம்பாவாவைக் கொண்டுபோகச் சொன்னால் அவர் நாளைக்கு, நாளைக்கு என்றே இழுத்தார். மனிதர் அந்த அளவுக்குச் சோர்ந்து போயிருந்தார்.

“எப்படியாவது அஸர் தொழுகைக்கு முன்னம் பாட வச்சுத் தாங்க. பாடாட்டி அவரு என்ன ஆவாரோ தெரியா.”

கடல் வந்து ஊரை அள்ளிய நாளில் அவர்களுடைய ஒரே மகள் றிஸ்னாவும் போய்விட்டாள். மீலாத் விழாவில் அவள் பாடிய கஸீதாப் பாடலை யாரோ பதிவு செய்து வைத்திருந்து, பிறகு சீடியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அஸர் தொழுதுவிட்டு வந்ததும் ஆதம்பாவா அதைப் போடுவார். கணவனும் மனைவியும் பாயில் உட்கார்ந்து கேட்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இரவுச் சோறு அப்படியே கிடக்கும்.

மசூர் மூடியைக் கழற்றி, விளக்கைக் கிட்டப் பிடித்தான்.

“லென்ஸ் முழுக்கக் கீறல். இது தூசியும் இல்ல, உப்புக் காத்தும் இல்ல. அந்தப் பிரஷ் சீடியப் போட்டுப் போட்டு ஓட்டியிருக்கு.”

“எங்கட வீட்ட அப்படி ஒண்டும் இல்லயே தம்பி.”

அவன் விளக்கைத் தள்ளி வைத்தான். “புது லென்ஸ் இருக்கு. போடவா?”

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“போடுங்க. போடாம என்ன செய்ற? புள்ளட குரலக் கேக்கக்கொள்ள என்னால தாங்க ஏலா தம்பி. ஒவ்வொரு நாளும் அவளத் திரும்பத் திரும்பக் கடலுக்குக் குடுக்கிற மாதிரி இருக்கு. ஆனா அந்த மனிசன் அதுலதான் உசிர வச்சிருக்காரு. அவருக்காகத்தான் நானும் பக்கத்துல குந்திக் கேக்கிறன்.”

மசூர் ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்தான்.

“சொல்லக் கூடாதெண்டு ஆதம்பாவா காக்கா கேட்டவர். ஆனா இனி சொல்லாம இருக்க ஏலா. அந்தப் பிரஷ் சீடிய அவர் என்னட்டத்தான் வாங்கினார் ராத்தா. வேணாம், லென்ஸக் கீறிப்போடும் எண்டு நானும் எத்தனையோ தரம் சொன்னன்.”

“அப்ப ஏன் வாங்கினாரு? நீங்க சொன்னத அவரு கேக்கல்லயா?”

“கேட்டுட்டுத்தான் வாங்கினார்,” என்றான் மசூர். “‘ஹாஜறா அந்தக் குரலக் கேட்டுத்தான் உசிரோட இருக்கா, நிப்பாட்டுவம் எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல, பிளேயர் தானாப் பழுதான மாதிரி இருக்கட்டும், இனி கேக்க என்னால ஏலா மசூர்’ எண்டு சொன்னார்.”