முதற்பரிசுப் போத்தல்கள்

கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கும் போட்டியில் மூன்றாவது தடவையும் மேல்வீட்டுத் தாரிகாவுக்குத்தான் முதற்பரிசு. கீழ்வீட்டுச் சுபோதினிக்கு வயிறு பற்றி எரிந்தது.

பரிசளிப்பு மண்டபத்திலேயே கேட்டுவிட்டாள். "நானும் விடிய அஞ்சு மணிக்கே போறன். உமக்கு மட்டும் எங்கயிருந்து இவ்வளவு போத்தல்?"

"எங்கட கால்வாய் கடலில விழுற இடத்தில, அக்கா."

"பொய்! கடையில வாங்கி அடுக்கியிருக்கிறீர்."

காட்சிக்கு அடுக்கியிருந்த போத்தல்களில் ஒன்றை வெடுக்கென்று எடுத்துத் திருப்பினாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா நல்லெண்ணெய் நிரப்பி பஸ்ஸில் அனுப்பும் போத்தல். அம்மாவின் கையெழுத்தில், அழியாத மையில், 'சுபோதினி, வெள்ளவத்தை.' எண்ணெய் முடிந்ததும் குசினி யன்னலால் கால்வாய்க்குள் எறிந்தது அவளேதான்.

தாரிகா குரலைத் தாழ்த்தினாள்.

"பேர் தெரியக்கூடாதெண்டுதான், அக்கா, எல்லாத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பி வச்சனான்."