அளந்தவர் கை

முதல் அடியில் இரண்டு விரல்கள் போயின. சம்மட்டி பட்டுத் தெறித்த சத்தம் கப்பலின் கயிற்று அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்து அடங்கியது.

சர்வேயர் கத்தவில்லை. வாயில் எண்ணெய்ப் பிசுக்குத் துணி அடைத்திருந்தது. சட்டையின் வலது கை முழங்கை வரை ஏற்றி மடிக்கப்பட்டிருக்க, அதற்குக் கீழே எல்லாமே ரத்தமாக இருந்தது.

"போதுமா, இன்னும் வேணுமா?" என்றான் சுமை மேஸ்திரி. "சொல்லு சார்."

சர்வேயர் தலையாட்டினார். மேஸ்திரி மறுபடியும் ஓங்கினான். இந்த முறை மணிக்கட்டு. பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். உடம்பு முழுக்கத் துள்ளியது, இரும்புக் கட்டையிலிருந்து கை மட்டும் நகரவில்லை.

காலையில் இந்தக் கைதான் வினையைக் கிளப்பியது. படகில் கப்பலைச் சுற்றி வந்து, அது எவ்வளவு முழுகியிருக்கிறது என்று பார்த்து, எத்தனை டன் ஏறியிருக்கிறது என்று கணக்கிடுவது அவர் வேலை. பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும். கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் கப்பல் புறப்படலாம்.

கோடு தெரிந்தது. ஆனால் பெயின்ட் புதுசு. அவர் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினார். ஒரு முழம் கீழே, இரும்பில் பற்றவைத்த உண்மையான கோடு விரலில் தட்டியது. நானூறு டன் கூடுதல்.

வெளியே கடல் கறுத்துக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்குத் துறைமுகத்தை மூடிவிடுவார்கள், புயல் கடந்த பிறகுதான் திறப்பார்கள். அதற்குள் கப்பலை வெளியே எடுத்துவிட முதலாளிக்கு அவசரம். கப்பலில் பத்தொன்பது பேர். அளந்தவர் ஒப்பமிடாமல் அது நகர முடியாது. ஒப்பமிட மாட்டேன் என்று போன வருடம் சொன்ன சர்வேயரை, கப்பலுக்கும் துறைச் சுவருக்கும் நடுவிலிருந்து கொக்கி போட்டுத்தான் எடுத்தார்கள்.

கதவு திறந்தது. கப்பல் ஏஜென்ட் உள்ளே தலையை நீட்டினார். கையில் காகிதம்.

"வழிக்கு வந்தாச்சா?"

மேஸ்திரி துணியை உருவினான். சர்வேயர் ஒருபக்கமாகச் சாய்ந்து வாந்தியெடுத்தார். பிறகு, "போடறேன் சார்" என்றார். "எங்க போடணும்னு காட்டுங்க, போட்டுடறேன்."

"இதைக் காலையிலயே சொல்லியிருந்தா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." ஏஜென்ட் பேனாவை நீட்டினார். அதை வாங்க வலது கை இல்லை. கையாக இருந்த ஒன்று வீங்கித் தொங்கியது. நடுவிரலின் எலும்பு வெளியே வந்திருந்தது.

ஏஜென்ட் அதைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். திரும்பி மேஸ்திரியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"ரெண்டு தட்டு தட்டுன்னுதானடா சொன்னேன். கையெழுத்துப் போடற கையவா உடைப்பான் ஒருத்தன்? முதுகு இல்லையா, கால் இல்லையா, உடம்புல வேற எடமே கெடைக்கலையா உனக்கு?"

"இருட்டுல தெரியலண்ணே."

"எது தெரியல, கையா, புத்தியா?" இன்னொரு அறையில் மேஸ்திரியின் உதடு கிழிந்தது. "மூட்டை தூக்கிட்டிருந்தவன மேஸ்திரி ஆக்கினேன். உன் தம்பிக்கு இதே கப்பல்ல வேலை வாங்கிக் குடுத்தேன். அந்த நன்றிக்கு நல்லா செஞ்சடா."

ஏஜென்ட்டை ஒரே கையால் தூக்கி எறியக்கூடிய உடம்பு அது. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் குனிந்து நின்றது.

ஏஜென்ட் சர்வேயரிடம் திரும்பினார். "இடது கையால போடுங்க சார்."

"கோழி கிளறின மாதிரி வரும் சார். ஆபீஸ்ல தூக்கி எறிஞ்சுடுவாங்க."

ஏஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவருக்கு முகம் தெளிந்தது.

"ரேகை வைங்க. கை அடிபட்டவங்க இடது பெருவிரல் வெச்சா ஆபீஸ்ல செல்லும். சரக்கறை மூடி விழுந்து நசுங்கிடுச்சுன்னு கேப்டன் சாட்சி எழுதிக் குடுப்பாரு. அதுவும் கெட்டதுல ஒரு நல்லது, உங்க கிறுக்கலுக்கு ரேகையே அழகா இருக்கும்."

சர்வேயர் தன் இடது பெருவிரலைப் பார்த்தார். "சரிங்க சார்" என்றார்.

"கேப்டன் ரூம்ல மை டப்பா இருக்கு. ரெண்டே நிமிஷம்." வாசலில் நின்று மேஸ்திரியின் பக்கம் விரலை நீட்டினார். "நான் வர்றதுக்குள்ள இவர் மேல உன் நிழல் பட்டுச்சு, உன்னையும் கல்லைக் கட்டி எறக்கிடுவேன்."

இரும்பு ஏணியில் பூட்ஸ் சத்தம் ஏறி, மேல்தளத்தில் தேய்ந்து மறைந்தது.

மேஸ்திரி சுவரோடு ஒட்டி நின்றான். சர்வேயர் முட்டியால் நகர்ந்து வந்து, உடையாத கையை இரும்பின் மேல் விரித்து வைத்தார்.

"முன்ன சொன்ன மாதிரியேதான் மேஸ்திரி, இந்தத் தடவை பெருவிரலைப் பாத்து அடி."